லெவல்காரர் ஓட்டிப் பார்த்த வண்டி

விற்பதற்கென்று நிறுத்தி வைத்திருக்கும் எந்தக் கிரேடரும் பார்க்க அழகாகத்தான் இருக்கும். மஞ்சள் பெயிண்டுக்கு அப்படி ஒரு குணம். உள்ளே உளுத்துப் போயிருந்தாலும் வெளியே நேற்றுப் பிறந்தது போலப் பளபளக்கும்.

ரோடு போடும் இடங்களில் நீளமாக, ஆறு சக்கரத்தோடு, வயிற்றுக்குக் கீழே அகலமான பிளேடைத் தொங்கவிட்டுக்கொண்டு மண்ணைச் சீவிக்கொண்டே போகுமே, அதுதான் கிரேடர். கொட்டிய மண்ணைச் சமமாக்குவது அதன் வேலை. சொல்வதற்குச் சுலபம். பிளேடின் இரண்டு முனைகளையும் இரண்டு கைகளால் ஏற்றி இறக்கி, வண்டி குலுங்கினாலும் பிளேடு குலுங்காமல் பார்த்துக்கொள்ளக் கற்பதற்குள் ஒரு மனிதனுக்குப் பாதி ஆயுள் போய்விடும்.

அப்படிப் பாதி ஆயுளைப் போக்கியவர்தான் நம் ஆள். சைட்டில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. லெவல்காரர் என்றால் போதும். அவர் சீவிய மண்ணில் தண்ணீரை ஊற்றினால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தண்ணீருக்கே குழப்பம் வந்துவிடும் என்று கிண்டல் செய்வார்கள். அந்தக் கிண்டலைக் கேட்டால் அவர் மீசைக்குள்ளேயே சிரித்துக்கொள்வார். கர்வம் இல்லாமல் இல்லை. அதற்கான உரிமையும் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் முதுகெலும்புக்கு இந்தக் கர்வத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. வருஷக் கணக்காகக் குலுங்கியதில் அது ஒருநாள் கையை விரித்துவிட்டது. இடது கால் மரத்துப் போக ஆரம்பித்தது. செருப்பு கழன்று விழுந்தால் கூடத் தெரியாமல் நாலு அடி நடந்துவிடுவார். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் அந்த சீட்லயே உக்காந்தீங்கன்னா, கால் இருக்கும், ஆனா உங்களுக்கு உதவாது" என்றார். கம்பெனி ஒரு தொகையைக் கையில் கொடுத்து, கும்பிடு போட்டு அனுப்பி வைத்தது.

டாக்டர் சொன்னதை விட மகள் சொன்னதுதான் அவரைக் கட்டிப்போட்டது. தாய் இல்லாத பெண். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே வைத்துச் சொன்னாள். "இனிமே நீங்க அந்த வண்டில ஏறினீங்கன்னு கேள்விப்பட்டேன், அப்புறம் எனக்கு அப்பாவே இல்லன்னு நெனச்சுக்குவேன்." அவள் சொன்னால் சொன்னதுதான். அந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும்.

இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீட்டில் அவரும் மகளும் மாப்பிள்ளையும் இருந்தார்கள். மாப்பிள்ளைக்கு ரோடு ரோலர் ஓட்டும் வேலை. நல்ல மனுஷன், வாய்தான் கொஞ்சம் அதிகம், மனதில் ஒன்றும் தங்காது. அவர் ஓட்டிய ரோலரை முதலாளி விற்றுவிட்டதால் அவரும் வீட்டில் இருந்தார். கிரேடர் ஓட்டவும் பழகி லைசென்ஸ் வைத்திருந்தார். சுமாராக ஓட்டுவார். அந்தச் 'சுமாராக' என்பதை லெவல்காரர் ஒருநாளும் வெளியே சொன்னதில்லை. மாப்பிள்ளையாயிற்றே!

அப்போதுதான் பழைய பழக்கத்தில் ஒரு காண்ட்ராக்டர் கூப்பிட்டார். பெரிய ரோடு, நீளமான வேலை. "சொந்தமா ஒரு கிரேடர் கொண்டு வாங்க. முடியற வரைக்கும் உங்க மாப்பிள்ளைக்குத்தான் வேலை. வாடகை வண்டிக்காரங்ககிட்ட மல்லுக்கட்டி எனக்கு அலுத்துப் போச்சு."

கம்பெனி கொடுத்த தொகை இருந்தது. மகள் கையிலிருந்த வளையல்களையும் கழுத்தில் கிடந்ததையும் யாரும் கேட்காமலேயே கழற்றி மேஜை மேல் வைத்தாள். எல்லாம் சேர்ந்தும் புது வண்டியின் பக்கத்தில் போய் நிற்க முடியாது. அதன் டயர்களை வேண்டுமானால் வாங்கலாம். பழையது ஒன்றைத்தான் பார்த்தாக வேண்டும். அதையும் ஒரு தடவைதான் வாங்க முடியும். பார்த்து வாங்குவது லெவல்காரரின் பொறுப்பு என்று மூன்று பேரும் பேசாமலேயே முடிவு செய்துகொண்டார்கள். அந்த வீட்டில் வேறு யாருக்கு அந்தத் தகுதி?

பழைய வண்டி விற்கும் யார்டுகளுக்கு மாமனாரும் மாப்பிள்ளையும் பஸ் பிடித்துப் போனார்கள்.

முதல் யார்டில் பெயிண்ட் கையில் ஒட்டியது. "ரெண்டு நாளா இத யாரும் ஸ்டார்ட் பண்ணவே இல்ல சார்" என்றார் யார்டுக்காரர். லெவல்காரர் இன்ஜின் மூடி மேல் உள்ளங்கையை வைத்தார். சுட்டது.

"வெயிலு" என்றார் யார்டுக்காரர்.

வண்டி கூரைக்குக் கீழே நின்றிருந்தது. குளிர்ந்த இன்ஜின் கிளம்பாது என்பதால் காலையிலேயே எப்படியோ கிளப்பிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். லெவல்காரர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார், யார்டுக்காரரைப் பார்த்தார், திரும்பி நடந்தார். பஸ் ஸ்டாப் வரைக்கும் மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே வந்தார்.

இன்னொரு யார்டில் ஆயில் பார்க்கும் குச்சியை உருவினால் பால் ஊற்றிய டீ போல வந்தது. இன்ஜினுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. மற்றொன்றில் மீட்டரைப் பார்த்தால் வண்டி அதிகம் ஓடாத கன்னி. பெடலைப் பார்த்தால் ரப்பர் போய் இரும்பு தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது. "மீட்டர மாத்தினவன் பெடலையும் மாத்தியிருக்கலாம். சோம்பேறி" என்றார் லெவல்காரர். யாரும் அவர் காதில் பூச்சுற்ற முடியவில்லை. ஒவ்வொரு வண்டியையும் தள்ளித் தள்ளி வந்ததில் அவருக்கு உள்ளூர ஒரு தெம்பு ஏறியிருந்தது. வேலை போன நாளிலிருந்து வீட்டில் செல்லாக்காசு போல உட்கார்ந்திருந்தவருக்கு இப்போது நாலு பேர் முன்னால் சொல்ல ஒரு சொல் இருந்தது. அதுவும் ஒரு போதைதான்.

ஆனால் காண்ட்ராக்டர் போனில் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். கையிலிருந்த காசுக்குள் அடங்கும் வண்டிகள் தீர்ந்துகொண்டே வந்தன.

கடைசியாகப் போன யார்டு ஊருக்கு வெளியே, பழைய டயர் குவியல்களுக்குப் பின்னால் இருந்தது. அங்கே நின்ற கிரேடருக்குப் பெயிண்டே அடிக்கவில்லை. துரு எங்கெங்கே பிடித்திருக்கிறதோ அங்கங்கே தெரிந்தது. அதுவே லெவல்காரருக்குப் பிடித்துவிட்டது. இன்ஜின் ஜில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பியதும் கொஞ்சம் இருமி, கறுப்பாக ஊதி, பிறகு சீராக ஓடியது. வண்டியின் நடு இடுப்பு மடங்கும் இடத்தில் இரும்புப் பின்கள் இறுக்கமாக இருந்தன. பின்சக்கரங்களுக்கு நடுவே சங்கிலி ஓடும் பெட்டியில் கசிவு இல்லை. பிளேடைத் தாங்கிச் சுழற்றும் பெரிய இரும்பு வளையத்தை ரிங் என்பார்கள். அதன் மேல் அப்பியிருந்த கிரீஸைத் துணியால் வழித்துவிட்டு, கடப்பாரையைக் கொடுத்து நெம்பிப் பார்த்தார். கொஞ்சம் ஆடியது.

"இந்த வயசுல இது கூட ஆடலன்னா எப்படி? எனக்கே ஆடுது" என்றார். மாப்பிள்ளை சிரித்தார்.

"ஓட்டிப் பாருங்களேன்" என்றார் யார்டுக்காரர்.

லெவல்காரர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை பார்வையை டயர் குவியல் பக்கம் திருப்பிக்கொண்டார். "நான் எதையும் பாக்கல மாமா."

"வீட்டுல மூச்சு விட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டு லெவல்காரர் ஏறினார்.

சீட்டில் உட்கார்ந்தார். பிளேடை ஏற்றி இறக்கும் லிவர்கள் கைக்கு வந்தன. கை அவற்றைத் தேடக்கூட இல்லை. யார்டின் பின்பக்கத்தில் கரடுமுரடாகக் கிடந்த மண்ணில் பிளேடை இறக்கி, ஒரே மூச்சில் கடைசி வரை சீவிக்கொண்டு போனார். திரும்பிப் பார்த்தால் மண் மேஜை போலக் கிடந்தது. யார்டு ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்று பார்த்தார்கள். "யாரு சார் இவரு?" என்று ஒருவர் கேட்டது அவர் காதில் நன்றாகவே விழுந்தது.

"நானும் ஒரு தடவ பாக்கறேன் மாமா" என்று மாப்பிள்ளை ஏறினார். அவர் சீவிய பட்டை மேடும் பள்ளமுமாக நெளிந்து நெளிந்து போனது. இடது ஓரம் முழுக்கக் குழி குழியாகத் தோண்டியிருந்தது.

"என்ன தம்பி, பாத்தி கட்டிட்டீங்க! வெத போட்டுட வேண்டியதுதான?" என்றார் யார்டுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். லெவல்காரரும் சிரித்தார். மாப்பிள்ளையின் முகம் வாடியதைப் பார்த்ததும் தோளில் கை போட்டு, "பழகப் பழக வந்துரும் மாப்பிள்ள. வண்டில ஒரு கொறையும் இல்ல. நான் பாத்துட்டேன்" என்றார்.

அன்றே பேசி முடித்தார்கள்.

வேலை ஆரம்பித்த முதல் வாரத்திலேயே சிக்கல் தெரிந்தது. மாப்பிள்ளை சீவிய நீளமெல்லாம் அலை அலையாக இருந்தது. ரோலர் வந்து அமுக்கினால் அலையும் சேர்ந்து இறுகியது. சர்வேயர் அளந்துவிட்டுத் தலையை ஆட்ட, கொத்திவிட்டு மறுபடியும் சீவ வேண்டியிருந்தது. மறுபடியும் அதே அலை. காண்ட்ராக்டர் முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பதை நிறுத்தினார், பிறகு போனில் லெவல்காரரையே கூப்பிட ஆரம்பித்தார்.

"உங்க முகத்துக்காகத்தான் பொறுத்துட்டு இருக்கேன். உங்க மாப்பிள்ளைக்கு ரோலர்தான் சரி. அதுல முன்னாடி போனா போதும், பின்னாடி வந்தா போதும்."

மாப்பிள்ளை தன்னால் ஆனதையெல்லாம் செய்தார். விடிவதற்கு முன் போய், வேலை தொடங்கும் வரை வெறும் மண்ணில் சீவிப் பழகினார். சாப்பிடும்போது கூட இடது கை தட்டின் ஓரத்தை லிவர் போலப் பிடித்துக்கொண்டிருக்கும். கலகலவென்று பேசிக்கொண்டிருந்த மனுஷன், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல ஆரம்பித்தார். மகள் அவர் தட்டில் சோற்றைப் போடும் விதமே மாறிவிட்டது. வளையல் இல்லாத கையால் கரண்டியைத் தட்டில் தட்டும் சத்தம் அடுத்த அறை வரை கேட்கும்.

ஒருநாள் மாப்பிள்ளை தயங்கித் தயங்கி வந்து நின்றார். "மாமா, தப்பா நெனைக்காதீங்க. இடது பக்கம் பிளேடு தானாவே எறங்குற மாதிரி இருக்கு."

லெவல்காரருக்குச் சுருக்கென்றது. அவர் ஓட்டிப் பார்த்து, அவர் வாயால் சரி என்று சொன்ன வண்டி. "தானா எறங்குமா? அதுக்கென்ன உயிரா இருக்கு? லிவர எவ்ளோ தொடணும்னு கைக்குத் தெரியணும் மாப்பிள்ள. வண்டிய கொற சொன்னா வேலை வந்துருமா?"

மாப்பிள்ளையிடம் இப்படி அவர் ஒருநாளும் பேசியதில்லை. பேசிய பிறகு மனம் அடித்துக்கொண்டது. ஆனால் வார்த்தையைத் திரும்ப வாங்கவில்லை.

காண்ட்ராக்டர் கெடு வைத்தார். இந்த வாரம் சரியாகவில்லை என்றால் வேறு வண்டி வரும். லெவல்காரர் மகளிடம் கடைத்தெரு வரை போய்வருவதாகச் சொல்லிவிட்டு நேராக சைட்டுக்குப் போனார். "எறங்குங்க மாப்பிள்ள. ஒரு தடவ காட்டறேன்."

மாப்பிள்ளை கையைப் பிடித்துத் தூக்கிவிட, ஏறி உட்கார்ந்தார். வழக்கம் போல மண் அவர் பேச்சைக் கேட்டது. பாதி நீளம் போவதற்குள் காண்ட்ராக்டர் குடையும் கையுமாக வந்துவிட்டார். "பாத்தியா தம்பி? அதே வண்டி, அதே மண்ணு!" என்று மாப்பிள்ளையிடம் உரக்கச் சொன்னது இன்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளை தொப்பியைக் கழற்றி, எதையோ தேடுவது போல அதற்குள் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும்போதுதான் இடது காலைச் சுண்டி இழுத்தது. தொடையில் கத்தியைச் செருகியது போல வலி. லெவல்காரர் இடது கையை லிவரிலிருந்து எடுத்துத் தொடையை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். வலி விட்டதும் பார்த்தால், பிளேடின் இடது முனை மண்ணுக்குள் ஒரு சாண் போயிருந்தது.

அவர் எதையும் தொட்டிருக்கவில்லை.

வண்டியை நிறுத்தினார். பிளேடை மண்ணுக்கு மேலே தூக்கி வைத்துவிட்டு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். வலது முனை அப்படியே நின்றது. இடது முனை யாருக்கும் தெரியாமல் நழுவும் கள்ளன் போல மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. மறுபடியும் தூக்கினார். மறுபடியும் இறங்கியது. பிறகு லிவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓட்டி, தன் இடது கையை மட்டும் பார்த்தார். அது ஓயாமல் லிவரைத் துளித் துளியாகச் சுண்டிக்கொண்டே இருந்தது. இறங்குவதற்கு முன்னாலேயே தூக்கியது. அவரைக் கேட்காமல், அவருக்குச் சொல்லாமல் அது பாட்டுக்கு அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. யார்டிலும் அதைத்தான் செய்திருக்கிறது.

கீழே இறங்கியதும் காண்ட்ராக்டர் கை குலுக்கினார். அவர் என்ன சொன்னார் என்பது லெவல்காரர் மண்டையில் ஏறவில்லை.

மறுநாள் வேலை இல்லை. பிளேடு முனைக்குப் போல்ட்டு வாங்கி வரச் சொல்லி மாப்பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு, தெரிந்த மெக்கானிக் ஒருவரை சைட்டுக்கு அழைத்துப் போனார். மெக்கானிக் வண்டிக்குக் கீழே படுத்து வெகுநேரம் தட்டிக்கொண்டும் விளக்கடித்துக்கொண்டும் இருந்தார். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, வாங்கும்போது இத ஓட்டிப் பாத்தது யாரு?"

"நான்தான்."

"அதான்" என்றார் மெக்கானிக்.

துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவரே சொன்னார். "வேற யாரு ஓட்டியிருந்தாலும் அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்ணே. உங்க கை எல்லாத்தையும் மூடிருச்சு. ரிங்கு எப்பவோ எதுலயோ மோதி வளைஞ்சிருக்கு. நிமித்தி வெல்டு வச்சு, மேல கிரீஸ அப்பி விட்டிருக்காங்க. இழுவை மொத்தமும் பிளேட தூக்குற இடது சிலிண்டர் மேல விழுது. அது உள்ள கோடு கோடா கீறிப் போயி, அழுத்தமே நிக்கல."

"சிலிண்டர மாத்தினா?"

"புதுசையும் தின்னுடும். ரிங்க மாத்தணும்."

எவ்வளவு ஆகும் என்று லெவல்காரர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும். ரிங்கை மாற்றும் காசு இருந்திருந்தால் இந்த வண்டியையே வாங்கியிருக்க மாட்டார். யார்டுக்காரரிடம் போய்ச் சண்டை போடலாம். "நீங்கதான ஓட்டிப் பாத்து ஒரு கொறையும் இல்லன்னீங்க?" என்பார். அத்தனை பேர் முன்னால் சொன்ன சொல்.

வேறு யார் ஓட்டியிருந்தாலும் தெரிந்திருக்கும் என்றால், அன்று வேறு ஒருவர் ஓட்டத்தானே செய்தார்? மாப்பிள்ளை அந்த இடது ஓரத்தில் தோண்டிய குழிகள்தான் அந்த வண்டியைப் பற்றி அன்று யாராவது சொன்ன ஒரே உண்மை. அதைப் பார்த்துத்தான் எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சேர்ந்து சிரித்தார். நினைக்க நினைக்க அவருக்குத் தன் முகத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

சாயங்காலம் மகள் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை இன்னும் வரவில்லை. லெவல்காரர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாப்பிள்ள மேல தப்பு இல்லம்மா. வண்டி சரியில்ல. நான்தான் சரியா பாக்கல."

"நீங்க ஓட்டினா நல்லாத்தான் போகுதாமே? நேத்து நீங்க ஏறினது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

"அதாம்மா தப்பே." எல்லாவற்றையும் சொன்னார். கை தானாகச் செய்த வேலை, வளைந்த ரிங், மெக்கானிக் சொன்னது. மகள் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடியே கேட்டாள். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதை மூட வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டாள்.

"மெக்கானிக்குக்கு. அவரு வெளிய சொல்ல மாட்டாரு. மாப்பிள்ள வந்ததும் அவருகிட்ட சொல்லிடணும். பாவம், தனக்கு ஓட்டத் தெரியலன்னு நெனச்சு மனசு ஒடைஞ்சு கெடக்காரு."

"சொல்லாதீங்க."

லெவல்காரர் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார்.

"அவருக்கு வாய் நிக்காதுப்பா. எம்மேல தப்பில்ல, வண்டிதான்னு நாளைக்கே போயி காண்ட்ராக்டர்கிட்ட சொல்லிடுவாரு. சொன்னா அந்த நிமிஷமே வேலை போயிரும். அதுக்கப்புறம் இந்த வண்டிய யாரு வாங்குவா? காயலாங்கடைலதான் போடணும். அவருக்கு ஓட்டத் தெரியலன்னு நாலு பேரு சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. வண்டியே ஆகாதுன்னு தெரிஞ்சா நாம எங்கப்பா போறது?"

அவள் சொன்னதில் ஒரு சொல்லைக் கூட அவரால் மறுக்க முடியவில்லை. கட்டினவனைப் பற்றி இப்படிப் பேசும் அளவுக்கு அவளைக் கொண்டுவந்து நிறுத்தியது யார் என்பதும் தெரிந்தது.

மகள் குழாயை மூடினாள். அவரைப் பார்க்காமல், கழுவி முடித்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்துக்கொண்டு கேட்டாள்.

"நீங்க ஓட்டினா வரும்ல?"

அவள் கத்துவாள், அழுவாள், காசைத் திருப்பி வாங்கி வாங்க என்பாள் என்றெல்லாம் எதிர்பார்த்து வந்திருந்தார். இதை எதிர்பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று சொன்ன அதே வாய்.

"வரும்" என்றார்.

"எவ்ளோ நாளைக்கு முடியும்?"

"ஓட்டற வரைக்கும் ஓட்டறது."

அவள் உடைந்துவிட்டாள். ஈரக்கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, "நான் கேட்டிருக்கக் கூடாதுப்பா" என்றாள். "நீ கேக்கலன்னாலும் நான் போயிருப்பேன்மா" என்றார். அது உண்மையா என்று அவருக்கே தெரியாது. மறுபடியும் அந்த சீட்டில் உட்காரப் போகிறோம் என்று நெஞ்சின் ஒரு மூலையில் எழுந்த சந்தோஷம்தான் அவரை எல்லாவற்றையும் விட அதிகமாக வெட்கப்பட வைத்தது. அதை எந்த மகளிடம் போய்ச் சொல்வது?

மாப்பிள்ளை வந்ததும் மகளே சொன்னாள். இனி அப்பா கொஞ்ச நாள் ஓட்டட்டும், நீங்கள் கூட இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை வாங்கி வந்த போல்ட்டுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "டாக்டர் என்ன சொன்னாருன்னு தெரியும்ல?" என்று மட்டும் கேட்டார். மகள் பொட்டலத்தை அவர் கையிலிருந்து வாங்கி மேஜை மேல் வைத்தாள்.

காலையில் இருவரும் ஒன்றாக சைட்டுக்குப் போனார்கள். கிரேடரின் முதல் படி உயரம். லெவல்காரர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வலது காலில் நின்றார். இடது காலைத் தூக்கப் பார்த்தார். அது தரையிலேயே கிடந்தது. இன்னொரு தடவை முயன்றார். கால் அவருடையது இல்லை போல மண்ணில் இழுபட்டதே தவிர மேலே வரவில்லை.

மாப்பிள்ளை குனிந்தார். மாமனாரின் இடது கால் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிப் படியில் வைத்தார். வைத்துவிட்டுக் கையை எடுக்கவில்லை.

"எனக்கு மட்டும் ஓட்ட வந்திருந்தா உங்களுக்கு இந்த நெலமை வந்திருக்குமா மாமா? எவ்ளோ பழகியும் வரலையே. எங்கிட்டதான் ஏதோ கோளாறு."

லெவல்காரர் வாயைத் திறந்தார். எல்லாம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. உங்கள் கையில் கோளாறு இல்லை மாப்பிள்ளை, என் கையில்தான் என்று ஒரு வரி சொன்னால் போதும், அந்த மனுஷன் நிமிர்ந்து நிற்பார். நிமிர்ந்து நின்று, நாலு பேரிடம் சொல்லியும் விடுவார். காண்ட்ராக்டர் குடையோடு வந்துகொண்டிருப்பது தூரத்தில் தெரிந்தது.

"விடுங்க மாப்பிள்ள. எல்லாருக்கும் எல்லாமும் வந்துருமா?" என்றார்.

மாப்பிள்ளை தலையை ஆட்டினார். பின்னாலிருந்து தாங்கி அவரை சீட்டில் ஏற்றி உட்கார வைத்தார். இடது காலைத் தூக்கிப் பெடல் மேல் வைத்துவிட்டு, செருப்பு நழுவாமல் ஒரு துணியால் கட்டியும் விட்டார். பிறகு கீழே இறங்கி, வண்டி போகும் வழியில் கிடந்த கற்களைப் பொறுக்கிப் போட ஆரம்பித்தார்.

வண்டி கிளம்பியது. மண் சமமாக விழுந்தது. காண்ட்ராக்டர் மாப்பிள்ளையின் முதுகில் தட்டி, "இப்பவாவது ஒத்துக்கறியா தம்பி? வண்டில ஒண்ணும் இல்ல" என்று கத்தினார். "ஆமா சார், எங்கிட்டதான்" என்று மாப்பிள்ளையும் கத்திப் பதில் சொன்னார்.

மேலே லெவல்காரருக்கு இடது கால் பெடல் மேல் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்று தெரியவில்லை. குனிந்து பார்த்தார். இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் சந்தேகம் வந்து மறுபடியும் குனிந்து பார்த்தார்.